வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை

எனக்குச் சோறு போடும் வேலை இன்னதென்று சொந்தக்காரர்களுக்கு விளக்க முயன்று தோற்றுப்போய் வருஷக்கணக்காகிறது. கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரை இருக்கும். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தாகத் தட்டினால் பதிலும் எழுத்தாக வரும். அந்தக் கட்டளைகளில் ஒன்று தேதியும் நேரமும் சொல்லும். வருகிற வெள்ளிக்கிழமை என்ன தேதி, இன்னொரு நாட்டில் இப்போது மணி என்ன என்று எதைக் கேட்டாலும் சொல்லும். அதை எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன வரும் என்று கையேடு எழுதுவது என் வேலை. அந்தத் தேதிக் கருவியில் ஏதாவது மாறினால் கையேட்டையும் மாற்ற வேண்டும். இதைச் சொன்னால், "அதான் செவுத்துல கேலண்டர் தொங்குதே" என்பார்கள். என்னத்தைச் சொல்ல.

அம்மாவும் அதையேதான் சொன்னாள். கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்துக்கு அந்தாண்ட எங்கள் வீடு. முன்னறையில் அம்மாவின் கட்டிலைப் போட்டு, பக்கத்திலேயே என் மேஜையையும் இழுத்துப் போட்டிருந்தேன். ஈரலில் கட்டி. ஆஸ்பத்திரியில், "வூட்டுக்குக் கூட்டிக்கினு போயி, ஆசைப்பட்டதைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா?

"பெரியவனே, நாளெல்லாம் தட்டிக்கினே கிடக்கிறியே, இன்னாதான் எழுதற?"

"தேதி பாக்கறது எப்படின்னு எழுதறேம்மா."

"தேதி பாக்கத் தெரியாதவன் உன் புஸ்தகத்தைப் படிப்பானா?"

நோய் அவளுடைய வாயை மட்டும் தொடவில்லை. உடம்பு பாதியாக இளைத்துப் புடவைக்குள் எங்கேயோ போய்விட்டது. பேச்சில் ஒரு குறையும் இல்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சின்னவனைப் பார்க்க வேண்டும். என் தம்பி மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். போய் நாலு வருஷம். நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை. ஒருதரம் லீவு கிடைக்கவில்லை, ஒருதரம் வேலை முடியவில்லை, அப்புறம் அவனுக்கே கூச்சம், வெறுங்கையோடு எப்படி வருவது என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவனுக்குச் சொன்னேன்.  "எப்படியாவது வந்துடறேண்ணா, அம்மாவ இருக்கச் சொல்லு" என்றான். இருக்கச் சொல்லு. அது என்னமோ என் கையில் இருக்கிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது. "லீவு கெடச்சிடுச்சிண்ணா. ஆபீஸ்ல டிக்கெட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க. வியாழக்கிழமை ராத்திரி பன்னெண்டரைக்கு ஃபிளைட்டு. விடிய மெட்ராஸ்ல எறங்கிடுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வூட்ல இருப்பேன்."

போனை அம்மாவின் காதில் வைத்தேன். அவன் அதையே அவளுக்கும் சொன்னான். என் மனைவிக்கும் சொன்னான். நைனார்பாளையத்திலிருந்து வந்து கூடவே இருந்த பெரியம்மாவுக்கும் சொன்னான். நாலு பேர் கேட்டோம். நாலு பேரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று மனசில் போட்டுக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் நாள் என்பது பொழுது விடிந்தால்தான் மாறும். அம்மா கரும்பு வெட்டப் போன காலத்தில், மில்லிலிருந்து வண்டி வந்துவிட்டால் நடுராத்திரியிலும் கட்டு தூக்குவார்கள். முதல் கோழி கூவுகிற வரை தூக்கினாலும் அது நேற்றைய வேலைதான், நேற்றைய கூலிதான். தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பதும் விடிந்து, வாசல் தெளித்த பிறகுதான். நானோ தம்பியோ தூக்கம் வராமல் முன்கூட்டியே கிழித்துவிட்டால் திட்டு விழும். "பொழுதே விடியல, அதுக்குள்ள நாளைக் கிழிச்சிட்டானுங்க" என்பாள். அவள் மட்டுமில்லை. சினிமாவுக்கு இரண்டாம் ஆட்டம் போய்த் திரும்பியவனைக் கேளுங்கள், வீடு வந்து சேர்ந்தது ஒரு மணியானாலும் 'ஞாயித்துக்கிழமை ராத்திரி' என்றுதான் சொல்வான். திங்கட்கிழமை என்று சொன்னால் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் எனக்கு வந்திருந்த வேலை பன்னிரண்டு மணியைப் பற்றிய பக்கம். சிரிக்காதீர்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு இரண்டு தடவை வருகிறது. எது ஏ.எம்., எது பி.எம். என்று உலகம் பூராவும் தடுமாறுகிறார்கள். கருவியின் புதுப் பதிப்பில் நடுராத்திரியைக் காட்டும் விதம் மாறியிருந்தது. பழைய விளக்கத்தை எடுத்துவிட்டுப் புதுசாக எழுத வேண்டும். எழுதியதைத் தமிழிலும் தர வேண்டும். தமிழில்தான் தலைவலி. ஏ.எம். என்பதற்கு 'முற்பகல்' என்று எவரோ எப்போதோ வைத்துவிட்டார்கள். அதனால் ராத்திரி பன்னிரண்டரை 'முற்பகல் 12:30' ஆகிவிடுகிறது. வெளியே நாய் குரைக்கிற நேரம் முற்பகலாம். அப்படிச் சொல்கிற ஒரு தமிழனை எனக்குக் காட்டுங்கள். இதைப் பற்றி என் வேலையைச் சரிபார்க்கிறவரோடு சில நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வேறொரு ஊரில் இருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. நல்ல மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும், "வழக்கத்தில் உள்ளதை மாற்ற வேண்டாமே" என்பார். யார் வழக்கம் என்று கேட்டால் மறுபடியும் அதையே எழுதுவார்.

புதன்கிழமை அந்தப் பக்கத்தை முடித்தேன். 'ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் புதிய நாளைச் சேர்ந்தது.' நானே எழுதினேன். சுத்தமான வாக்கியம். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு ஆச்சரியமாகத் தெளிந்திருந்தது. தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். மாடிக்குப் போய் மலை தெரிகிறதா பார்த்துவிட்டு வா என்றாள். கல்வராயன் மலையில் மேகம் இறங்கியிருந்தால் மேலே மழை என்று அர்த்தம். புளி உலுக்குகிற பருவத்தில் அவள் வெள்ளிமலைப் பக்கம் கூலிக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வருவாள். அதனால் மலையின் சமாச்சாரம் தனக்குத்தான் தெரியும் என்று ஒரு மிதப்பு. பார்த்துவிட்டு வந்து, தெளிவாகத் தெரியுதும்மா என்றேன்.

"அப்ப பிளேனுக்கு ஒண்ணும் தொல்லை இல்ல" என்றாள்.

கல்வராயன் மலையில் மேகம் இல்லை என்றால் மஸ்கட்டிலிருந்து விமானம் வருவதற்கு என்ன சம்பந்தம்? நானும் மனைவியும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். அன்றைக்கு முழுக்கப் பேசினாள். தம்பிக்கு அம்மை போட்ட கதை, அவன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சோளக்கொல்லையில் ஒளிந்துகொண்ட கதை. அவன் வந்தால் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கு உத்தரவு வேறு. மொச்சை போடணும், கத்திரிக்காய் பிஞ்சா இருக்கணும். பெரியம்மா, "ஆமாண்டி, எனக்குக் குழம்பு வைக்கக் கத்துக் குடு" என்று நொடித்தாள். அப்படி ஒரு நாள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த வீட்டில் இல்லை.

அந்த நாளில் அவன் இருந்திருக்க வேண்டும். அவன் ஏற வேண்டிய விமானம் அன்றைக்கு விடியற்காலையிலேயே மெட்ராஸில் இறங்கிவிட்டது. அம்மா கஞ்சி குடித்துவிட்டுச் சோளக்கொல்லைக் கதை சொன்ன நேரத்தில் அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பான். இதை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். முடியவில்லை.

டிக்கெட்டில் வியாழன் என்றும், பன்னிரண்டரை என்றும் போட்டிருந்தது. பக்கத்தில் பொடியாக ஏ.எம். அது புதன்கிழமை படுத்து, வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் வருகிற பன்னிரண்டரை. எங்கள் பேச்சில் அதற்குப் புதன்கிழமை ராத்திரி என்று பேர். என் தம்பி பார்த்தது இரண்டைத்தான்: வியாழக்கிழமை, பன்னிரண்டரை. பகலில் விமானம் இல்லை என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள், ஆகவே ராத்திரி. வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை. அவன் அம்மாவின் மகன், வேறு எப்படிப் படிப்பான்? இறங்குகிற நேரமும் அதே தாளில் இருந்தது, வியாழன் என்றே இருந்தது. ஏறுகிற அவசரத்தில் இருப்பவன் இறங்குகிற வரியை எங்கே பார்க்கப் போகிறான்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஆசையில் விமான நிலையத்துக்குப் போய்விட்டான். இங்கே நாங்கள் அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. எடுத்து வாசலுக்கு வந்தேன்.

"ண்ணா."

"உள்ள போயிட்டியா?"

"ண்ணா, ஃபிளைட்டு நேத்தே போயிடுச்சாம்ணா."

 என்னடா உளர்ற என்றேன். "இந்தத் தேதிதான்ணா போட்டிருக்கு. ஆனா நேத்து ராத்திரியே போயிடுச்சிங்கறாங்க. நான் இன்னா பண்ணுவேன்? டிக்கெட்டைக் காட்டிக் காட்டிக் கேக்கறேன், அந்தப் பொண்ணு அதே வரிய விரல வச்சிக் காட்டுது." பின்னால் அறிவிப்புக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் அழவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னான், வியாழக்கிழமைதானேண்ணா, இன்னிக்கு வியாழக்கிழமைதானே என்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன். முந்தின நாள் நான் எழுதி முடித்த வாக்கியம்தான் அங்கே கவுண்டரில் அந்தப் பெண்ணின் விரலாக நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடுராத்திரியில் நாளை மாற்றிவைத்தவன் எவனோ, அவன் மேல். விடியாமல் எதற்குடா நாள் மாற வேண்டும்?

அவனோடு வேலை செய்கிற பையன்கள் எப்படியோ அலைந்து மறுநாள் ராத்திரிக்கு இன்னொரு டிக்கெட் பிடித்துக் கொடுத்தார்கள். ஆக, சனிக்கிழமை மத்தியானம்தான் வருவான்.

உள்ளே வந்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். சமையல்கட்டில் மனைவியிடமும் பெரியம்மாவிடமும் குசுகுசுவென்று சொன்னேன். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அத்தைகிட்ட சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு வருவாருன்னுதான் உசுரப் பிடிச்சிக்கினு இருக்காங்க. இன்னும் ஒரு நாள்னு சொன்னா தாங்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மாவின் முகம் மாறியிருந்தது. முந்தின நாளின் தெளிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. வாயைத் திறந்ததும் கேட்டது, "எறங்கிட்டானா?"

"எறங்கிட்டாம்மா."

அதற்கப்புறம் அந்தப் பொய்யை நான்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. மெட்ராஸிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் இல்லாத ஒரு பஸ்ஸில் இல்லாத என் தம்பியை உட்கார வைத்து ஓட்டினேன். செங்கல்பட்டு தாண்டிட்டாம்மா. திண்டிவனத்துல டீ குடிக்கிறானாம். விழுப்புரத்துல டிராஃபிக்காம். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து, கேட்டுவிட்டு, மூடிக்கொண்டாள். உளுந்தூர்பேட்டை என்றதும், "அவ்ளோ சீக்கிரமாவா?" என்றாள்.  டிரைவர் நல்லா ஓட்டறாராம் என்றேன். பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பொய்யை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் சாலை தீர்ந்துவிடும் இல்லையா? மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. தியாகதுருகத்துக்கு வந்துவிட்டான் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அதற்கப்புறம் நம் ஊர்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னையே பார்த்தாள்.

"மூஞ்சத் தொடைச்சி வுடு" என்றாள் அம்மா. "புள்ள வர்ற நேரத்துல இப்படியா கிடப்பேன்."

மனைவி துணியை நனைத்து முகம் துடைத்தாள். தலை வாரிவிட்டாள். பொட்டு இல்லாத நெற்றியில் கொஞ்சம் திருநீறு வைத்தாள். அப்பா போய் ரொம்ப வருஷம். அம்மா வாசலைப் பார்க்கும்படி தலையைத் திருப்பி வைக்கச் சொன்னாள். வைத்தோம். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நாங்களும் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தம்பி வந்தது சனிக்கிழமை மத்தியானம். அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அவன் கண்ணாடி மேல் கையை வைத்து நின்றான். துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. அவனும் துடைத்துக்கொண்டே இருந்தான். யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். கொள்ளிச்சட்டி நான்தான் தூக்க வேண்டும், பெரியவன் என்பதால். தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பதும் உண்டு என்று பங்காளி ஒருவர் சொன்னார். உடனே அவனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அது ஒன்றாவது கிடைக்கட்டும்.

துக்க வீடு என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். ஆனால் பேசியது எல்லாம் ஒரே விதமாக இருந்தது. ஒரு டிக்கெட்டைப் படிக்கத் தெரியவில்லையா, நாலு வருஷம் வெளிநாட்டில் இருந்து என்ன புண்ணியம். பெரியம்மாவும் அதையே சொன்னாள், அதுவும் அவன் காதில் விழ. "ஒரு தேதியப் பாக்கத் தெரியல இந்தப் புள்ளைக்கு. அவ எப்படிக் காத்துக்கினு இருந்தா தெரியுமா?" எனக்குப் பொறுக்கவில்லை. "நீயுந்தானே போன்ல கேட்ட? நீ இன்னா நெனச்ச? வெள்ளிக்கிழமைன்னுதானே மொச்சை ஊறப்போட்ட?" என்று கத்திவிட்டேன். பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா அழுதாள். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

கருமாதி முடிந்த மறுநாள் நானும் அவனும் மலைக்குப் போனோம். அம்மாவோடு புளி உலுக்கிய கூட்டாளி ஒருத்தி வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊரில் இருந்தாள். சாவுக்குச் சொல்லி அனுப்பியும் சேதி போய்ச் சேரவில்லை. நேரில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"ண்ணா, நான் உனக்குப் போன் பண்ணப்ப இன்னா சொன்னேன்?"

"வியாழக்கிழமை ராத்திரி பன்னெண்டரைன்ன."

"நீ இன்னா நெனச்ச?"

"வியாழக்கிழமை ராத்திரி சோறு துன்னுட்டு ஏறுவன்னு நெனச்சேன்."

பஸ் ஒரு வளைவு திரும்பியது. "உன் வேலையே அதானேண்ணா" என்றான்.

குத்திக்காட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால் நானும் உள்ளதையே சொன்னேன். "ஆமாண்டா. எழுதறப்ப ஒரு மாதிரி, காதுல கேக்கறப்ப ஒரு மாதிரி. நீ சொன்னதை நான் அம்மா மாதிரிதான் கேட்டேன். நாலு பேரும் அப்படித்தான் கேட்டோம். உன் ஒருத்தன் தப்பு இல்லடா இது." அவன் தலையை ஆட்டினான். ஏற்றுக்கொண்டு ஆட்டவில்லை, பேச்சை முடிக்க ஆட்டினான்.

அந்தக் கூட்டாளி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தம்பியை உற்றுப் பார்த்தாள்.

"வெளிநாட்டுல இருக்கிற புள்ள நீதானா? உன் பேச்சாவே இருப்பா. உன்னப் பாத்துட்டுதான செத்தா?"

தம்பி, "இல்ல. ஒரு நாள் தப்பிப்போச்சு" என்றான்.

"பஸ்ஸு கெடைக்கலையா சாமி?"

அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். தவறவிட்டால் மறுநாள்தான். அவளுக்குத் தெரிந்த தாமதம் அது ஒன்றுதான். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான். "ஆமா, பஸ்ஸு கெடைக்கல" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து, யாருக்குத்தான் கிடைத்தது என்று சொல்லி, உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தாள். துக்கம் நடந்த பிறகு அவனை யாரும் திட்டாமல் பேசியது அன்றைக்குத்தான்.

கீழே வந்ததும் வேலையைத் திறந்தேன். பன்னிரண்டு மணிப் பக்கம் அப்படியே கிடந்தது. தமிழ்க் கையேட்டில் அதற்கடியில் ஒரு குறிப்பு சேர்த்தேன். 'வியாழன் 00:30 என்றால் நம் பேச்சு வழக்கில் புதன்கிழமை ராத்திரி. புதன்கிழமை இரவு உணவுக்குப் பின் வரும் நேரம் இது. வியாழக்கிழமை இரவு என்று எண்ணிவிட வேண்டாம்.' சரிபார்க்கிறவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பயனர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானே, இப்படி யார் தவறாகப் புரிந்துகொள்ளப் போகிறார்கள், எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.  நீளமாக என்னென்னவோ எழுதினேன். அவர் என்ன பாவம் செய்தார் என்று தோன்றி எல்லாவற்றையும் அழித்தேன். 'எங்கள் வீட்டில் எல்லாரும்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பு இன்னும் அங்கே இருக்கிறது.

தம்பி திரும்பிப் போகிற நாள் வந்தது. டிக்கெட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். ஞாயிறு என்று போட்டு, இந்தத் தடவையும் நடுராத்திரி தாண்டிய நேரம். "சனிக்கிழமை ராத்திரி துன்னுட்டு அங்க இருக்கணும். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பிளேன் போயிடும்" என்றேன். சரிண்ணா என்று போனான். திரும்பி வந்து மறுபடி கேட்டான். மனைவியிடமும் போய்க் கேட்டான். அவள் காலண்டர் எதிரில் அவனை நிற்க வைத்து விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். புரிஞ்சிடுச்சி அண்ணி என்றான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பையோடு கிளம்பி நின்றான். இப்பவே ஏன்டா என்றால், மெட்ராஸில் கூட வேலை செய்கிறவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் ஒரு சாமான் கொடுக்க வேண்டும், அங்கேயே ராத்திரி தங்கிக்கொள்வேன் என்றான். பஸ் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தானா என்று கேட்கக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். டிராலி உருளும் சத்தம், ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

"எங்கடா இருக்க?"

"ஏர்போர்ட்லண்ணா."

"கூட்டாளி வூட்டுக்குப் போவலையா?"

"போவல."

"டேய், பிளேன் நாளைக்கு ராத்திரிடா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உன்ன உள்ளகூட வுட மாட்டாங்க."

"தெரியும்ணா. வெளியதான் குந்தியிருக்கேன்."

"நாளைக்கு ராத்திரி வரைக்குமா?"

 அழுகிறான் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஐஸ் பெட்டிக்கு முன்னாலும், சுடுகாட்டிலும், பெரியம்மா பேசியபோதும் அழாதவன், முகம் தெரியாத ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

"இந்த வாட்டி முன்னாடியே வந்துட்டேன்ணா" என்றான்.